சுறாவும் டிவியும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருடம் ஆறாம் வகுப்பில் கடலில் வாழும் ஏதாவது ஓர் உயிரினத்தை வரையச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் சுறா. வாயைப் பிளந்த சுறா, பல்லை எண்ணி எண்ணி வரைந்த சுறா. ஒரு கொப்பியில் சுறாவின் வாயிலிருந்து ஒரு கால் மட்டும் தொங்குகிறது, அந்தக் காலில் ரப்பர் செருப்பும் இருக்கிறது. வகுப்பில் எல்லாருக்கும் சிவப்புப் பெஸ்டல்தான் முதலில் தேய்ந்து முடிந்தது. அந்தப் பிள்ளைகளில் கடலை நேரில் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். சுறாவை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "டிவியில, சேர்."

அன்றிலிருந்து பிள்ளைகளும், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களும், தேத்தண்ணி நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

மலையில் இருக்கும் நமக்குச் சுறாவால் என்ன வந்தது?

நேரடியாக ஒன்றும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுறா இருக்கிறதா என்று ஒரு பையன் உண்மையாகவே கேட்டான். இல்லை.

ஆனால் முல்லைத்தீவில் மீனவர் வீட்டில் வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சுறா என்றால் அப்பாவின் வலையில் வருவது, கரையில் கிலோ என்ன விலைக்குப் போனது என்பது, அம்மா வறை வறுத்த நாளில் வீடெல்லாம் எழுந்த வாசம். டிவியில் எவ்வளவுதான் இரத்தம் காட்டினாலும், "இது கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அவனுக்குத் தோன்றும். நம் பிள்ளைகளுக்கு ஒத்துப்பார்க்க வேறு சுறா கிடையாது. டிஷ் வழியாக வந்திறங்கிய சுறா ஒன்றுதான், அது எப்போதும் கடித்துக்கொண்டே இருக்கிறது.

டிவி வருவதற்கு முன்னால் யாரும் சுறாவுக்குப் பயப்படவில்லையா?

நன்றாகவே பயந்தார்கள். மன்னார் முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவதுதான் அவர் தொழில். அவர் வந்து ஓதாவிட்டால் குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் அவர்களுடைய அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது, ஏனென்றால் அவர் இல்லாமல் முத்து மேலே வராது. இப்படி மீனைக் கட்டுகிறவர்களைப் பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயம் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்தவனின் பயம். பயந்துகொண்டே இறங்கினான், ஏறி வந்தான், மறுநாளும் இறங்கினான், பயத்துக்கு ஓர் அளவு இருந்தது. இப்போதுள்ள பயம் ஆறாயிரம் அடி உயரத்தில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு பார்க்கிறவர்களின் பயம். அதை அளந்து பார்க்க வழியே கிடையாது.

இந்தப் புதுப் பயத்துக்கு 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தைத்தான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். அது சினிமா என்றாலும் டிவிக்காரர்களுக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தது அதுதான். அந்தப் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் போனதால், சுறாவைக் காட்டாமல் இசையையும் தண்ணீர்ப் பரப்பையும் மட்டும் காட்டிச் சமாளித்தார்கள், அந்தச் சமாளிப்பே அதிகம் பயமுறுத்தியது. கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைப் பாதுகாக்கச் சொல்லிப் பேசித் திரிந்தார். இயக்குநர் ஸ்பீல்பேர்க்கும் 2022இல் ஒரு வானொலிப் பேட்டியில், சுறாக்கள் குறைந்துபோனதில் தன் படத்துக்கும் பங்குண்டு என்று நினைத்து வருந்துவதாகச் சொன்னார். அதற்குள் 47 வருடம் ஓடிவிட்டது.

'ஷார்க் வீக்' என்கிறார்களே, அது என்ன?

டிஸ்கவரி சனல் 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய சுறா வாரம். கோடை விடுமுறையில் ஒரு வாரத்துக்குச் சுறா நிகழ்ச்சியாகவே போடுவார்கள். இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை. அந்த மாதிரி நிகழ்ச்சிகளைத்தான் தமிழ்க் குரல் கொடுத்து, துண்டு துண்டாக, வருடம் பூராவும் நாம் பார்க்கிறோம். பத்து வருடத்துக்கு முன்பு எடுத்ததும் நேற்று எடுத்ததும் கலந்து வரும். எது எந்த வருடம் என்று சொல்லமாட்டார்கள்.

டிவி சுறாவைப் பற்றிப் பொய் சொல்கிறதா?

சில நேரம் அப்பட்டமாகச் சொல்லியிருக்கிறது. 2013 ஓகஸ்டில் அந்தச் சுறா வாரத்தின் முதல் நிகழ்ச்சியாக, 'மெகலடொன்' என்ற ராட்சதச் சுறா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் காட்டினார்கள். அந்தச் சுறா சுமார் 36 இலட்சம் வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது. நிகழ்ச்சியில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். இது கற்பனை கலந்தது என்ற அறிவிப்பு கடைசியில் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து போனது. அமெரிக்காவில் மட்டும் 48 இலட்சம் பேர் பார்த்தார்கள், சுறா வாரத்தில் அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. விஞ்ஞானிகள் போட்ட சத்தத்தில், 2015இல் சனலின் புதுத் தலைவர் வந்து இனி இப்படிப் போலி ஆவணப்படம் போடமாட்டோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வீடியோவின் துண்டுகள் இன்றும் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. எங்கள் பாடசாலையில் உயர்தரம் படிக்கிற ஒரு பையன் போன மாதம் என்னிடம் அதைக் காட்டி, "சேர், இத மறைக்கிறாங்க" என்றான். சனல் தலைவரின் வாக்குறுதி அங்கேயே நின்றுவிட்டது, வீடியோ மட்டும் மலையேறி வந்துவிட்டது.

2017இல் நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ் வெள்ளைச் சுறாவோடு போட்டி போடுகிறார் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். கடைசியில் பார்த்தால் அவர் நீந்தியது கணினியில் வரைந்த சுறாவோடு. ஏமாந்தவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

பொய் சொல்லாத நிகழ்ச்சிகள் பரவாயில்லைதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய வேலையெல்லாம் இங்கேதான் நடக்கிறது.

முதலில் இசை. 2016இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுறாக்கள் சும்மா நீந்துகிற 60 வினாடி வீடியோ. சிலருக்கு அதைத் திகில் இசையோடு, சிலருக்கு மனதுக்கு இதமான இசையோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல் காட்டினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். திகில் இசையோடு பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சுறாவை மோசமாக மதிப்பிட்டார்கள். காட்சி ஒன்றுதான், அதில் துளிகூட மாறவில்லை.

இதை வாசித்த பிறகு நானும் வகுப்பில் செய்து பார்த்தேன். ப்ரொஜெக்டர் கிடையாது, என் லெப்டொப்பை இரண்டு மேசைக்கு மேல் ஏற்றி வைத்து, எல்லாரையும் நெருக்கி நிற்க வைத்தேன். முதல் தடவை அந்த 'டுடும் டுடும்' சத்தத்தோடு போட்டேன், முன் வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் பின்னால் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மூன்றாவது தடவை என் போனில் ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டுவிட்டு அதே வீடியோவை ஓட்டினேன். வகுப்பே சிரித்தது. "சேர், அதுக்குத் தூக்கம் வருது" என்றான் ஒருவன். அவன்தான் செருப்புக் கால் வரைந்தவன்.

அடுத்தது இறைச்சி. கமராவுக்கு முன்னால் சுறா தானாக வராது. மீன் இரத்தமும் குடலும் கலந்து தண்ணீரில் ஊற்றி, கயிற்றில் சூரைத் தலையைக் கட்டி இழுத்துத்தான் வரவழைப்பார்கள். சில நேரம் கடல்நாய் மாதிரிப் பொம்மையை இழுப்பார்கள். இப்படி உசுப்பேற்றி வரவழைத்த மிருகம் வாயைத் திறந்துதான் வரும். பந்தியில் சோற்றைப் போட்டுவிட்டு, நீங்கள் வாயைத் திறக்கும்போது மட்டும் யாராவது படம் பிடித்தால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிழமை முழுக்கப் படகில் காத்துக் கிடந்து எடுத்ததில், சுறா வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போன மணிக்கணக்கான காட்சியெல்லாம் குப்பைக்குப் போகும். கடித்த நாலு வினாடிதான் நமக்கு வரும், அதுவும் மெதுவாக்கி, மூன்று தடவை.

அப்புறம் அந்தத் தமிழ்க் குரல். ஆங்கிலத்தில் வழக்கமான குரலில் பேசுகிற ஆராய்ச்சியாளர்கூட தமிழுக்கு வரும்போது பழைய படத்து வில்லனாக மாறிவிடுகிறார். "இதோ... இந்த ஆழத்தில்... காத்திருக்கிறது... மரணம்!" என் அம்மாயி அந்தக் குரல் கேட்டாலே அடுப்படியிலிருந்து, "யாருடா செத்தது?" என்று கேட்பார்.

எது வரும், எது வராது என்பதில் எங்கள் தோட்டத்துக்கும் ஓர் அனுபவம் உண்டு. கீழ் லயத்துப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று ஒரு சனல்காரர்கள் வந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வந்த ஓர் அம்மாவிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர், "புலி அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது ஐயா, எங்களுக்குக் குளவிதான் பயம்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுத்ததாக இன்னொருவர், பிள்ளைகளை வெளியில் விட முடியவில்லை என்றார். இரவுச் செய்தியில் இரண்டாமவர் மட்டும் வந்தார், பின்னணியில் எங்கேயோ எடுத்த சிறுத்தை ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பற்றிய செய்தி வந்தால் அரை நிமிடம், அதுவும் விளையாட்டுச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால்.

சரி, சுறா உண்மையில் எத்தனை பேரைக் கொல்கிறது?

புளோரிடாவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுவதும் நடக்கும் சுறாக்கடிகளைப் பதிந்து வைக்கிறது. மனிதர் சீண்டாமல் சுறா தானாகக் கடித்தவை மட்டும் 2022இல் 57, அதில் இறந்தவர்கள் 5 பேர். 2023 கொஞ்சம் மோசமான வருடம், 69 கடி, 10 மரணம். 2024இல் 47 கடி, 4 மரணம். முழு உலகத்துக்கும் இவ்வளவுதான்.

பக்கத்தில் இலங்கையின் பாம்புக் கணக்கை வைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த ஓர் ஆய்வு, ஒரு வருடத்தில் சுமார் 80,000 பாம்புக்கடி, 400க்கு மேற்பட்ட மரணம் என்று சொன்னது. நாம் பாம்பைப் பற்றிக் கனவு கண்டு அலறுவதில்லை, டோர்ச் எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போகிறோம்.

சுறா இனங்கள் 500க்கு மேல் உண்டு. அதில் மனிதரைக் கொன்றதாக அடிக்கடி பெயர் வருவது மூன்றுதான்: பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. கையளவேயான சுறாவும் இருக்கிறது. கிறீன்லாந்துப் பக்கம் 250 வருடத்துக்கு மேல் வாழும் சுறாவும் இருக்கிறது, கண்டியை வெள்ளைக்காரன் பிடித்தபோது பிறந்தது இப்போதும் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் டிவிக்கு வராது, வெள்ளைச் சுறாதான் திரும்பத் திரும்ப வரும்.

தேங்காய் விழுந்து சாகிறவர்கள் சுறா கடித்துச் சாகிறவர்களைவிட அதிகமாமே?

வருடத்துக்கு 150 பேர் தேங்காய் விழுந்து சாகிறார்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதற்கு ஆதாரமே இல்லை. சுறாவுக்காகப் பேசுகிறவர்களும் டிவியில் இதை அடித்துவிட்டிருக்கிறார்கள், நல்ல காரியத்துக்காகச் சொன்னாலும் புளுகு புளுகுதான். அதுவும் தென்னை மரத்தடியில் பிறந்து வளர்ந்த நாட்டில் வந்து இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இரத்தம் ஒரு சொட்டு விழுந்தால் மைல் கணக்கான தூரத்திலிருந்து வந்துவிடுமாமே?

வராது. சுறாவுக்கு நல்ல மோப்பம் உண்டு, ஆனால் வாசம் தண்ணீரில் கரைந்து நீரோட்டத்தோடு போய்ச் சேர வேண்டும், அதற்கு நேரமும் எடுக்கும், திசையும் சரியாக இருக்க வேண்டும். முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் ஒன்றும் புறப்பட்டு வருவதில்லை.

நாம் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறோம், சுறாவுக்கு அதில் என்ன நட்டம்?

இதை என் மச்சான் கேட்டார், நியாயமான கேள்வி. மஸ்கெலியாவில் ஒருவர் பயப்படுவதால் மாலைதீவில் ஒரு சுறா சாகாது.

ஆனால் பயப்படுகிறவர்கள்தான் வாக்குப் போடுகிறவர்கள். அவுஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் நெஃப் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுறா வேண்டுமென்றே மனிதரைத் தேடிவருகிறது, கடித்தால் சாவுதான், அந்தச் சுறாவைக் கொன்றால் பிரச்சினை தீரும் என்று 'ஜாஸ்' படத்தில் வருகிற மூன்று எண்ணங்களையும் அரசியல்வாதிகள் அப்படியே கொள்கையாக்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். 2014இல் மேற்கு அவுஸ்திரேலிய அரசு கடற்கரைகளுக்கு வெளியே இரை மாட்டிய தூண்டில்களைப் போட்டது. 172 சுறாக்கள் மாட்டின, 68 கொல்லப்பட்டன. எந்த வெள்ளைச் சுறாவால் ஆட்கள் செத்தார்கள் என்று அதைத் தொடங்கினார்களோ, அந்த வெள்ளைச் சுறா ஒன்றுகூட மாட்டவில்லை.

இதைக் கேட்டால் நமக்கு உடனே சுருக்குக் கம்பி ஞாபகம் வரவேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியது. மயக்க ஊசி போட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்தது. அந்தக் கம்பி பன்றிக்கு வைத்ததுதான் என்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சிறுத்தை மாட்டிக் கிடக்கும்போது சுற்றி நின்று "நல்லா வேணும்" என்று சொன்ன ஆட்களையும் நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையைப் போட்டுக் கொடுத்தது இரவுச் செய்தி.

சுறாக்களில் பெரும்பாலானவை பயத்தால் சாகவில்லை, வலையில் சாகின்றன. செட்டைக்காகவும் இறைச்சிக்காகவும், வேறு மீனுக்குப் போட்ட வலையில் தப்பித் தவறி மாட்டியும் வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சாகின்றன. 2012க்கும் 2019க்கும் இடையில் அந்த எண்ணிக்கை 7.6 கோடியிலிருந்து 8 கோடியாகக் கூடியிருக்கிறது என்று 2024இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. கரையை விட்டுத் தள்ளிப் பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டன. பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து, வயதான பிறகு கொஞ்சமாகக் குட்டி போடுகிற மிருகம், இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ரயிலில் ஒரு யானை அடிபட்டால் நாடே உச்சுக்கொட்டுகிறது. சுறாவுக்கு யார் கொட்டுவது? வில்லன் செத்தால் படம் முடிந்தது என்று எழுந்து போகத்தானே பழக்கியிருக்கிறார்கள்.

நிகழ்ச்சி முடிவில் "சுறாவைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்கிறார்களே, போதாதா?

2014இல் அமெரிக்காவில் 500க்கு மேற்பட்டவர்களுக்குச் சுறா நிகழ்ச்சிகளின் துண்டுகளைக் காட்டி, பிறகு பாதுகாப்பு விளம்பரத்தையும் காட்டிப் பார்த்தார்கள். கடிக்கிற காட்சியால் வந்த பயம், அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகும் இறங்கவில்லை. ஐம்பது நிமிடம் பேய்க்கதை சொல்லிவிட்டு "பேய் பாவம்" என்றால் பிள்ளை தனியாகப் படுக்குமா?

டிவியில் வரும் நிபுணர்கள் எல்லாரும் உண்மையான விஞ்ஞானிகளா?

சிலர் உண்மையான விஞ்ஞானிகள், சிலர் கமராக்காரர்கள், சிலர் துணிச்சல்காரர்கள். 2022இல் சுமார் 200 சுறா வார நிகழ்ச்சிகளை உட்கார்ந்து பார்த்த விஞ்ஞானிகள் (பாவம் அவர்கள்), பயமுறுத்தும் பேச்சே மேலோங்கி இருக்கிறது, சுறாவைக் காப்பாற்றச் சாதாரண ஆள் என்ன செய்யலாம் என்பது அநேகமாக வருவதே இல்லை என்று எழுதினார்கள். அதில் வந்த வெள்ளைக்கார நிபுணர்களில் பெண்களைவிட 'மைக்' என்ற பெயருள்ளவர்கள் அதிகமாம். இலங்கைக் கடலைப் பற்றிய நிகழ்ச்சியில்கூட ஒரு மைக் வந்துதான் நமக்குச் சொல்லித்தருவார் போல.

டிவியால் நல்லது ஒன்றும் நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நானும் அந்தச் சனல்காரர் மாதிரித்தான். சீனாவில் கூடைப்பந்து வீரர் யாவோ மிங் 2006இல் சுறாச்செட்டை சூப் குடிப்பதை விடுவதாகச் சொன்னார். அவர் நடித்த விளம்பரங்கள் வருடக்கணக்காக டிவியில் ஓடின. அதில் அவர் சூப்புக் கோப்பையைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். பிறகு 2013 முடிவில் அரசாங்க விருந்துகளில் செட்டை சூப் கூடாது என்று சீன அரசே உத்தரவு போட்டது. விளம்பரம் மட்டும் காரணம் இல்லை, ஆனாலும் கல்யாணத்தில் செட்டை சூப் வைத்தால்தான் மதிப்பு என்றிருந்ததை வெட்கப்படுகிற விசயமாக மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பயமுறுத்துகிற நிகழ்ச்சிகளையே பார்த்து வளர்ந்து கடல் விஞ்ஞானி ஆனவர்களும் இருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்த பிள்ளைகளில் ஒன்றுக்காவது அந்த மிருகம் பிடித்துப்போகும், அதைத் தடுக்க முடியாது.

ஒரு சோகமான வேடிக்கையும் உண்டு. தண்ணீரிலிருந்து எகிறிப் பாய்ந்து கடல்நாயைக் கவ்வும் வெள்ளைச் சுறா ஞாபகம் இருக்கிறதா? அநேகமாக அது தென்னாபிரிக்காவின் ஃபோல்ஸ் குடாவில் எடுத்தது. 2018 வாக்கிலிருந்து அந்தக் குடாவில் வெள்ளைச் சுறாக்களைக் காண்பதே அரிது. சுறாவைப் பிடித்து ஈரலை மட்டும் தின்னும் ஓர்க்கா திமிங்கிலங்கள் வந்ததால் ஓடிவிட்டன என்கிறார்கள் சிலர், மீன்பிடியும் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். டிவியில் மட்டும் அவை இன்னமும் பாய்ந்துகொண்டிருக்கின்றன.

நாம் சாப்பிடும் சுறாக் கருவாடு?

இதைக் கேட்டது ஒரு பெற்றோர், கேட்ட பிறகு கூட்டமே அமைதியாகிவிட்டது. ஹட்டன் கடையில் நெத்தலி, கட்டா, கீரி எல்லாம் முழுசாக, முகத்தோடு இருக்கும். சுறா மட்டும் துண்டாக, தடித்த வெள்ளைப் பலகை மாதிரி, உப்புப் பூத்து அடுக்கியிருக்கும். அதற்கு முகம் கிடையாது. அதனால்தான் டிவியில் அலறிய பிள்ளை மறுநாள் பகல் சோற்றுக்கு அதையே பிசைந்து சாப்பிடுகிறது, இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். அம்மாயி இரண்டு தடவை வெந்நீரில் போட்டு எடுப்பார், சுறா இறைச்சியில் யூரியா இருப்பதால் அந்த மூத்திர வாடை வருகிறது, வெந்நீர் அதை இறக்கும்.

சட்டத்தைச் சொல்கிறேன். இலங்கையில் ஐந்து சுறா இனங்களைப் பிடிக்கக் கூடாது: வால் உடம்பளவுக்கு நீண்டிருக்கும் சாட்டைவால் சுறாக்கள் மூன்று இனம் (2012இலிருந்து), திமிங்கிலச் சுறா, செட்டை நுனி வெள்ளையாக இருக்கும் பெருங்கடல் சுறா (இவை 2015இலிருந்து). செட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு உடம்பைக் கடலில் எறிவது 2001இலிருந்தே தடை. ஆனால் உப்புத் துண்டைப் பார்த்து இது எந்தச் சுறா என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வீட்டில் இப்போது வாங்குவதில்லை. அதற்குப் பாதிக் காரணம் இது, மீதி பாதரசம். பெரிய சுறாக்களின் உடம்பில் அது சேரும், கர்ப்பிணிகள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா என்கிற நம் வழக்கத்தோடு இது கொஞ்சம் மோதத்தான் செய்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க விடலாமா?

விடுங்கள், கூட உட்காருங்கள். ரிமோட் உங்கள் கையில் இருந்தால் நடுவில் சத்தத்தை அணைத்துவிட்டு, "இப்ப அது என்ன செய்யுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நீந்துகிறது என்றுதான் பதில் வரும். இரவு படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், பிறகு கக்கூசுக்குத் துணைக்குப் போகிறவர் நீங்கள்தான்.

திருகோணமலைப் பக்கம் சுற்றுலா போனால் கடலில் இறங்கலாமா?

இங்கே தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதுதான் போகிற நேரம். நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாத்தீவுக்குப் போய்விடலாம், அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே கரைக்குப் பக்கத்திலேயே செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் திரிகின்றன. நாலைந்து அடி நீளம் இருக்கும், ஆளைக் கண்டால் விலகும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே காசு கட்டி முகமூடி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

போன ஓகஸ்டில் குடும்பத்தோடு போனோம். என் மகள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இறங்கவே இல்லை. படகுக்காரத் தம்பி அவளுக்கு உயிர்காப்பு அங்கியைக் கட்டிவிட்டு, "தங்கச்சி, நான் தினமும் நாலு தரம் இதுக்குள்ளதான் நிக்கிறன், எண்ணிப் பாருங்க" என்று கை இரண்டையும் விரித்துக் காட்டினார். பத்து விரலும் இருந்தன. கால்விரலையும் எண்ணிவிட்டுத்தான் இறங்கினாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள், எடுத்தாள், "மஞ்ச மீனு" என்றாள். மறுபடி வைத்தாள். சுறாவை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு வால் திரும்பியது, அவ்வளவுதான், போன் எடுப்பதற்குள் போய்விட்டது.

பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கு. நம் ஆட்களில் பலருக்கு நீச்சல் தெரியாது, பஸ்ஸை விட்டு இறங்கின உற்சாகத்தில் சோறு தின்ற கையோடு அலைக்குள் ஓடுவார்கள். அங்கியைக் கட்டாமல் இறங்காதீர்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள், பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள். கடைசியில் சொன்னதை நான் கேட்கவில்லை. உள்ளங்காலில் கீறி, சீழ் பிடித்து, இரண்டு கிழமை நொண்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். சுறா கடித்ததா என்று ஆறாம் வகுப்பில் எல்லாரும் கேட்டார்கள். இல்லை என்றதும் முகம் தொங்கிப்போய்விட்டது.